டெக்காலுக்கு அடியில் வெள்ளிப் படலம்

கேள்வி: 1/24 அளவில் ஸ்கேனியா லாரி கிட் ஒன்றைச் செய்து வருகிறேன். கேபின் கதவில் ஒட்டிய டெக்கால் காய்ந்ததும் அடியில் வெள்ளி வெள்ளியாய்த் தெரிகிறது. ஏன்?

பதில்: டெக்காலில் குறையில்லை, அடியில் இருக்கும் பெயின்ட்தான் காரணம். மேட் பெயின்ட் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு இருக்கும். அந்தப் பள்ளங்களில் சிக்கிய காற்றுதான் அப்படி மின்னுகிறது. அடுத்த கதவுக்கு முதலில் பளபளப்பான கிளியர் கோட் அடித்து, முழுக்கக் காயவிடுங்கள். டெக்காலைத் தண்ணீரில் நனைத்து, தாளிலிருந்து தானாக நழுவும்போது நகர்த்தி வையுங்கள். ஈரப் பஞ்சுக்குச்சியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒற்றி நீரை வெளியேற்றுங்கள். பிறகு டெக்காலை இளக்கும் திரவமான மைக்ரோ சோல் ஒரு சொட்டு. டெக்கால் இளகிச் சுருங்கும். பார்த்தால் மனம் பதறும், தொட்டுவிடாதீர்கள்! காயக் காயக் கதவின் கோடுகளில் படிந்து தானே நேராகிவிடும்.

ஏற்கெனவே ஒட்டியதைப் பிய்க்க வேண்டாம். வெளுத்த இடத்தில் ஊசிமுனையால் குத்தி அதே திரவத்தை விட்டால் பெரும்பாலும் சரியாகும். கடைசியில் மேலே ஒரு கிளியர் கோட். லாரி ஓடி அழுக்கானதுபோல் காட்டும் வேலை அதற்குப் பிறகுதான்: சக்கர வளைவுக்குள் பாஸ்டல் தூள் தாராளமாக, கதவில் மிகக் கொஞ்சம்.