உருகாமல் ஒட்டும் உலோகம்

மண்ணைப் பிசைந்து, பானையாக வனைந்து, சூளையில் இட்டுச் சுடுகிறோம். மண் உருகி ஓடுவதில்லை. ஆயினும் நீரில் கரையாத கெட்டிப் பாண்டமாகி விடுகிறது. நம் வேலூர் மாவட்டத்துக் கரிகிரி மட்பாண்டங்களைக் கண்டவர்கள் இதை அறிவர். உலோகத்தையும் இவ்வாறே பொடியாக்கி, அச்சில் அழுத்தி, உருகுநிலைக்குக் கீழேயே சூடாக்கி ஒரே துண்டாக்கலாம். இம்முறைக்குச் சின்டரிங் என்று பெயர். நாம் இதைச் 'சுட்டுப் பிணைத்தல்' என்போம்.

எவ்வாறு ஒட்டுகிறது?

வெப்பம் ஏறும்போது உலோகத்தின் அணுக்கள் இடம்பெயரத் தொடங்குகின்றன. இரு துகள்கள் தொடும் இடத்தில் அவை கூடி ஒரு சிறு 'கழுத்தை' உண்டாக்குகின்றன. கழுத்து பருக்கப் பருக்க, துகள்களின் இடைவெளி குறைந்து பொடி கட்டியாகிறது. துகள் நுண்ணியதாக இருந்தால் குறைந்த வெப்பத்திலேயே இது நிகழும்.

முரட்டு உலோகங்கள்

அலுமினியம், மக்னீசியம், டைட்டானியம், சிர்கோனியம் ஆகியவை ஆக்சிஜனை விரைந்து பற்றிக்கொள்பவை. காற்றுப் பட்டவுடனே துகளின்மேல் மெல்லிய ஆக்சைடு தோல் படர்ந்துவிடும். அலுமினியம் 660 டிகிரி சென்டிகிரேடில் உருகும்; அதன் ஆக்சைடோ 2000 டிகிரிக்கு மேல்தான் உருகும். எனவே இத்தோல் துகள்களை ஒட்டவிடாது. சிறிதளவு மக்னீசியம் சேர்த்தால், அது தோலிலுள்ள ஆக்சிஜனை இழுத்து வழி திறந்து விடுகிறது.

டைட்டானியத்தின் குணம் வேறு. அது சூடானதும் தன் ஆக்சைடு தோலைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும். ஆனால் கரைந்த ஆக்சிஜன் மிகுந்தால் உலோகம் நொறுங்கும் தன்மை அடையும். ஆதலால் அதை வெற்றிடத்திலோ ஆர்கான் வாயுவிலோ சுடுகின்றனர்.

வெப்பம் குறைவது ஏன் நல்லது?

தேய்ந்த இடுப்பு மூட்டுக்குப் பதிலாக டைட்டானியக் கலவை உலோக மூட்டைப் பொருத்துவதுண்டு. அதன்மேல் நுண்ணிய உலோக மணிகளைச் சுட்டுப் பிணைத்தால், மணிகளின் இடுக்குகளில் எலும்பு வளர்ந்து மூட்டை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் இக்கலவையைச் சுமார் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் அதன் உள்ளமைப்பு மாறிப் பருமனாகி, திரும்பத் திரும்ப வரும் பளுவைத் தாங்கும் வலிமை குறையும். நோயாளி வைக்கும் ஒவ்வோர் அடியிலும் அப்பளு விழுகிறது அன்றோ!

எனவே வெப்பத்தைக் குறைக்க வழி தேடுகின்றனர். சூடாக்கும்போதே அழுத்துவது ஒரு வழி. மின்சாரத்தைப் பாய்ச்சுவது மற்றொன்று. டைட்டானியம் ஹைட்ரைடு பொடியைப் பயன்படுத்தினால், வெப்பத்தில் ஹைட்ரஜன் வெளியேறித் தூய பரப்பு கிடைக்கும். பொடியை மேலும் நுண்ணியதாக்கலாம். ஆனால் பரப்பு கூடுவதால் ஆக்சிஜனும் கூடும், தீப்பிடிக்கும் அபாயமும் கூடும்.

ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலும் இதே பாடத்தைச் சொல்கிறது. பச்சைத் தோல் சுமார் 60 டிகிரி வெப்பத்திலேயே சுருங்கிக் கெட்டுவிடும். அதனால் பதனிடுவோர் வெப்பத்தை நம்பாமல் குரோமிய உப்பு, டிரம்மின் சுழற்சி, பொறுமை இவற்றால் காரியத்தை முடிக்கின்றனர்.

நம் நாட்டில்

1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். அதே மணலில் டைட்டானியம் தரும் இல்மனைட்டும், சிர்கோனியம் தரும் சிர்கானும் உள்ளன. கேரளத்தின் சவறையில் 2011இல் டைட்டானியக் கடற்பஞ்சு ஆலை தொடங்கப்பட்டது. துளைகள் நிறைந்து பஞ்சுபோல் இருப்பதால் அவ்வுலோகத்துக்கு அப்பெயர். தூத்துக்குடி அருகே பழையகாயலில் சிர்கோனியம் தயாராகிறது. ஐதராபாத்தில் உலோகப் பொடித் தொழிலுக்கென்றே மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் உண்டு.

ஓர் எச்சரிக்கை

சிவகாசிப் பட்டாசில் ஒளி தருவதும் அலுமினியப் பொடிதான். எரியும் உலோகப் பொடிமீது ஒருபோதும் தண்ணீர் ஊற்றலாகாது. உலோகம் நீரிலுள்ள ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை வெளிவிடும்; அது வெடிக்கும். உலர்ந்த மணலைத் தூவி மூடுவதே முறை. இதை வீட்டில் உள்ளவர்களுக்கும் நாம் சொல்லி வைப்போம்.

பெருநெருப்பால் மட்டுமே பெரிய காரியம் நடக்கும் என்பதில்லை. தூய பரப்பும், நெருங்கிய தொடர்பும், போதிய நேரமும் இருந்தால் சிறு வெப்பமே துகள்களை ஒன்றாக்கும். இயற்பியலும் வேதியியலும் கற்கும் நம் மாணவியர் நாளை உலோகவியலிலும் அடியெடுத்து வைப்பார்களாக!