மடிக்கணினி வாங்கும் பெற்றோருக்கு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பிள்ளை பதினோராம் வகுப்பில் கணினி அறிவியலைப் பாடமாக எடுத்துக்கொண்ட மாத்திரத்திலேயே, மத்தியதரக் குடும்பங்கள் பலவற்றில் மடிக்கணினி என்பது பெருஞ்செலவாகவும் பெருங்கவலையாகவும் வந்து சேர்ந்துவிடுகிறது. சீட்டுப் பணத்தை எடுத்தோ, நகையை அடகு வைத்தோ, மாதத் தவணைப் பத்திரத்தில் கையெழுத்திட்டோ அதை வாங்கத் துணிகின்ற பெற்றோருக்குக் கடைக்காரர் சொல்லும் வார்த்தையும் அண்டை வீட்டார் சொல்லும் வார்த்தையுமே ஆதாரமாக இருப்பதால், வேண்டாத ஒன்றுக்கு மிகுந்த விலை கொடுப்பதும், அவசியமான ஒன்றைக் கேளாமலே விட்டுவிடுவதும் சகஜமாகிவிட்டன. அந்த வார்த்தைகளுள் சிலவற்றை எடுத்து, அவற்றில் எவ்வளவு உண்மை உண்டென்று ஆராய்வோம்.

"ஐ7 என்றால் உயர்ந்தது, ஐ3 என்றால் மட்டம்" என்பது அவற்றுள் தலையாயது. இன்டெல் நிறுவனம் 2008இல் ஐ7 என்ற பெயரையும், அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் ஐ5, ஐ3 என்ற பெயர்களையும் தன் பிராசஸர்களுக்குச் சூட்டியபோது, ஒரே காலத்தில் வெளிவருபவற்றுள் எது மேல், எது கீழ் என்று காட்டுவதற்கே அவ்வெண்கள் பயன்பட்டன. பத்தாண்டுக்கு முந்தியதையும் இன்றையதையும் அவற்றைக் கொண்டு ஒப்பிட இயலாது. 2013இல் வந்த நான்காம் தலைமுறை ஐ7-4600யு பிராசஸரில் இருப்பவை இரண்டே கோர்கள், அதாவது கணக்கிடும் அலகுகள்; 2022இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யு பிராசஸரில் இருப்பவை ஆறு. வேகத்திலும் பின்னது முன்னதை வெகுவாக விஞ்சுகிறது. பழைய லேப்டாப் விற்கும் கடைகளில் ஐ7 என்ற ஸ்டிக்கரைக் காட்டியே பேரம் முடிந்துவிடுவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. ஏனெனில், மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11ஓ, இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியவற்றை முறைப்படி ஏற்பதில்லை. ஆகையால் பழைய கணினி வாங்குவோர் ஐ7 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணின் முதல் ஓரிரு இலக்கங்களைப் பார்த்துத் தலைமுறையை அறிந்துகொள்வது அத்தியாவசியம்.

அடுத்தது, "ஒரு டி.பி. ஹார்டு டிஸ்க் இருக்கும்போது 256 ஜி.பி. எஸ்எஸ்டி எதற்கு?" என்ற கேள்வி. பாடநூல்களும் வீட்டுப்பாடங்களும் சேர்ந்தாலும் சில ஜி.பி.க்குமேல் இடம் பிடிப்பதில்லை. ஹார்டு டிஸ்க்கினுள் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுழலும் தட்டின்மேல் ஒரு சிறு கை அங்குமிங்கும் ஓடித் தகவலைத் தேடி எடுக்க வேண்டியிருப்பதால்தான், பொத்தானை அழுத்திய பிள்ளை திரை எழும்பும்வரை பொறுமையிழந்து காத்திருக்க நேர்கிறது. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமோ அசையும் பாகமோ கிடையாது. அது விரைவாக இயங்குவதோடு, பேருந்து நெரிசலில் புத்தகப்பை இடிபட்டாலும் எளிதில் பழுதாவதில்லை. கொள்ளளவில் சிறிதானாலும் எஸ்எஸ்டியே மாணவனுக்கு ஏற்றது. அதனுடன் ராம் என்னும் தற்காலிக நினைவகம் 8 ஜி.பி. இருக்க வேண்டும், 4 ஜி.பி. மட்டும் உள்ளதை வாங்க நேர்ந்தால், பின்னால் கூட்டிக்கொள்ள இடம் உண்டா என்று கேட்பது நலம்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிற பிள்ளை, ஆதலால் கேமிங் லேப்டாப்தான் வேண்டும்" என்ற வாதத்தை எதிர்கொள்ளப் பாடநூலைத் திறந்து பார்த்தாலே போதும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக்கு சி++, பன்னிரண்டாம் வகுப்புக்குப் பைத்தான். இவ்விரண்டுக்கும் தனி கிராபிக்ஸ் கார்டு எதுவும் அவசியமில்லை. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்பத்தில் வழங்கப்பட்டவற்றில் இருந்த ராம் 2 ஜி.பி.தான், அவற்றில் புரோகிராம் எழுதிப் பழகிய பிள்ளைகள் எத்தனையோ பேர். கேமிங் கணினியோ இரண்டு கிலோவுக்கு மேல் கனக்கும், சூடேறும், பாட்டரியைச் சீக்கிரம் தீர்த்துவிடும். "நாளை இஞ்சினீயரிங் சேர்ந்தால் உதவுமே" என்பாரும் உண்டு; நாளைய தேவையை நாளைய விலையில், நாளைய தலைமுறைக் கணினியாக வாங்குவதே லாபம் என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.

இனி, தாய்மார்களின் உள்ளத்தை மிகவும் வாட்டுகின்ற விஷயத்துக்கு வருவோம். திரையிலிருந்து வரும் நீல ஒளி கண்ணைக் கெடுத்துவிடும் என்றும், அதற்கென்று விற்கப்படும் கண்ணாடியை அணிந்தால் ஆபத்து நீங்கும் என்றும் பலர் நம்புகிறார்கள். திரையின் ஒளி கண்ணுக்குச் சேதம் விளைவிக்கிறது என்பதற்குத் தக்க சான்று இல்லையென்று அமெரிக்கக் கண் மருத்துவக் கழகம் கூறுவதோடு, அத்தகைய கண்ணாடிகளை அது பரிந்துரைப்பதும் இல்லை. கண் வலியும் எரிச்சலும் உண்மைதான். ஆனால் அவற்றுக்குக் காரணம், திரையை உற்று நோக்கும்போது நாம் இமைப்பது குறைந்துபோவதும், கண் இடைவிடாமல் அருகிலேயே நிலைத்திருப்பதுமாகும். இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை இருபது அடி தூரத்திலுள்ள பொருளை இருபது விநாடி பார்ப்பது எளிய பரிகாரம். தினந்தோறும் வெளியே வெளிச்சத்தில் விளையாடும் குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைவு என்பதும் ஆராய்ச்சிகளில் கண்டறியப்பட்டிருக்கிறது. கண்ணாடிக்குச் செலவிடும் பணத்தைத் திரைக்குச் செலவிடுவது உசிதம். 1366க்கு 768 புள்ளிகள் கொண்ட திரையில் ணகரத்தின் சுழிகளும் னகரத்தின் சுழிகளும் சிறிய எழுத்தில் ஒன்றோடொன்று குழம்பித் தோன்றும். 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட பதினான்கு அங்குலத் திரையில் அவை தெளிவாகத் தெரியும். கைப்பேசியை முகத்தருகே பிடித்துப் பாடம் படிப்பதைக் காட்டிலும் இத்தகைய திரையில் படிப்பது எவ்வளவோ மேல்.

பாட்டரி முழுவதும் தீர்ந்த பின்புதான் சார்ஜ் ஏற்ற வேண்டும் என்பது பழைய நிக்கல்-காட்மியம் பாட்டரிகளுக்குச் சொல்லப்பட்ட விதி. இன்றைய லித்தியம் பாட்டரிக்கு உஷ்ணமே பெரும் பகை, ஆதலால் மெத்தைமேல் வைத்துக் காற்றுத் துவாரங்களை அடைப்பதுதான் தவிர்க்கத் தக்கது. மென்பொருளைப் பொறுத்தவரை, எம்.எஸ். ஆபீஸ் இன்றிப் பள்ளி வேலை நடவாது என்று சொல்லிக் கடையில் திருட்டுப் பிரதியை ஏற்றித் தருவார்களானால் மறுத்துவிடுங்கள். அதனோடு வைரஸும் வந்து சேரக்கூடும். கட்டுரையும் கணக்கு அட்டவணையும் தயாரிக்க இலவசமான லிப்ரே ஆபீஸே போதும். கேரளத்துப் பொதுப் பள்ளிகள் நெடுங்காலமாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே கணினிக் கல்வியை நடத்திவருகின்றன. தமிழில் தட்டச்சு செய்யத் தனியாக மென்பொருள் வாங்க வேண்டியதும் இல்லை; தமிழ்99 விசைப்பலகை விண்டோஸிலும் லினக்ஸிலும் கிடைக்கிறது.

கடைக்குச் செல்லும்போது பிள்ளையையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பாடநூல் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து சிறிது நேரம் படிக்கவும், தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒவ்வொரு பத்தி தட்டச்சு செய்யவும், பையில் வைத்துத் தோளில் மாட்டிப் பார்க்கவும் விடுங்கள். அதன் பிறகு, பிராசஸரின் முழு எண், ராம் அளவு, எஸ்எஸ்டி அளவு, வாரண்டி காலம் ஆகிய நான்கையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லிவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.