சாவி யார் கையில்?

கேள்வி: என் மகள் ஹைதராபாத்தில் பொறியியல் படிக்கிறாள். சேர்க்கையின்போது கொடுத்த ஆதார், வங்கி விவரங்கள் திருடுபோனால் கல்லூரி பொறுப்பேற்குமா?
- ஒரு வாசகர், செகந்திராபாத்

பதில்: பொறுப்பு கல்லூரிக்குத்தான். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 அப்படித்தான் சொல்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். ஆனால் 2025 நவம்பரில் வெளியான விதிகள், முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தந்திருக்கின்றன. அபராதமும் அரசுக் கருவூலத்துக்கே போகும். உங்கள் மகளுக்கு அதில் ஒரு ரூபாயும் வராது. ஆகவே, திருட்டு நடக்காமல் தடுப்பதே மாணவருக்கு உண்மையான பாதுகாப்பு.

அதற்குச் சிறிய கல்லூரிகளிடம் பணம் ஏது என்று கேட்பார்கள். ஆனால் பணத்தைவிட, உள்ளே யாருக்கு அனுமதி என்பதே முக்கியம்; ஹைதராபாத்தில் நடந்ததையே பாருங்கள். 2023 மார்ச்சில் தெலங்கானா அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் வினாத்தாள்கள் கசிந்தபோது, வெளியாள் ஊடுருவியதாகவே முதலில் சந்தேகித்தார்கள். கைதானவர்களில் ஆணையத்தின் ஊழியர்களே இருந்தார்கள். ரகசியப் பிரிவின் கணினியிலிருந்து தாள்கள் நகலெடுக்கப்பட்டிருந்தன. குரூப்-1 முதல்நிலைத் தேர்வு ரத்தாகி, லட்சக்கணக்கானோரின் உழைப்பு வீணானது. எந்தக் கோப்பை யார் திறக்கலாம் என்று வரையறுப்பதற்கும், பொதுக் கடவுச்சொல்லை ஒழிப்பதற்கும், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவதற்கும் கோடிகள் தேவையில்லை; நிர்வாகத்துக்கு அக்கறை இருந்தால் போதும்.

மகளின் விவரங்களை யார் பார்க்கிறார்கள், எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள், புகாரை யாரிடம் தருவது என்று கல்லூரியிடம் எழுத்துமூலம் கேளுங்கள். பெற்றோர் கேட்டால்தான் நிர்வாகம் அசையும்.