கருவி பொருத்திய பின்: பேச்சு மட்டும்தான் முன்னேற்றமா?

திருக்கோகர்ணத்தில் ஒரு முதல் வகுப்பை மனத்தில் கொள்வோம். கோயிலில் உச்சிக்கால மணி ஒலிக்கிறது. சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி ஒரு கணம் அசையாமல் இருந்துவிட்டுச் சன்னல் பக்கம் கண்களைத் திருப்புகிறாள். பெருமூளை வாதத்துடன் பிறவிச் செவித்திறன் குறைபாடும் உடையவள். காக்ளியர் கருவி பொருத்தி இரண்டு ஆண்டுகள் ஆகியும் பேச்சு வரவில்லை. அவளது பதிவேட்டில் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதலாமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. குறைமாதப் பிறப்பு, கடும் மஞ்சள் காமாலை, கருவில் ருபெல்லா தொற்று போன்றவை செவியோடு மூளையையும் பார்வையையும் பாதிக்கக்கூடும். ஆகவே இக்குழந்தைகளில் பலருக்கு வேறொரு குறைபாடும் இருக்கும். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016 பல்வகைக் குறைபாட்டைத் தனி வகையாகவே குறிப்பிடுகிறது.

கருவி ஒலியை மின்துடிப்பாக மாற்றிச் செவி நரம்புக்கு அனுப்புகிறது. அதற்குப் பொருள் காண்பது மூளையின் வேலை. எனவே அறிவுசார் குறைபாடு லேசாக இருந்தால் மொழி மெதுவாக வளரும். கடுமையாக இருந்தால் பேச்சு வராமலும் போகலாம். ஆனால் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவது, அம்மாவின் குரலில் அமைதியடைவது, வண்டி ஓசைக்கு எச்சரிக்கை ஆவது ஆகியவையும் கேட்டலின் பயன்களே.

இங்கிலாந்தின் நாட்டிங்காமில் உருவான கேட்டல் திறன் அளவுகோல் 0 முதல் 7 வரை செல்கிறது. சுற்றுப்புற ஒலியை உணர்தல் நிலை 1. பேச்சொலிக்கு எதிர்வினை காட்டுதல் நிலை 2. அறிந்தவருடன் தொலைபேசியில் பேசுதல் நிலை 7. மணியோசைக்குத் திரும்பிய சிறுமி 0-இலிருந்து 1-க்கு வந்திருக்கிறாள்.

வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை:

1. நாள்தோறும் காலையில் வாயை மறைத்துக்கொண்டு ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்னும் ஆறு ஒலிகளைச் சொல்லிப் பாருங்கள். கை தூக்க இயலாத குழந்தை கண் அசைவாலோ அசைவை நிறுத்தியோ பதில் தரும், காத்திருங்கள். வழக்கமாக உணரும் ஒலியை உணராவிட்டால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

2. நாற்காலியின் தலைச்சாய்வில் உரசிக் காந்தச் சுருள் கழன்றுவிடும். அடிக்கடி கவனித்துப் பொருத்துங்கள்.

3. ஆட்டிசம் உள்ள குழந்தை கருவியைக் கழற்றி எறிந்தால் அடம் என்று எண்ணாதீர்கள். ஒலி அளவு அதிகமாக இருக்கலாம். கழற்றிய நேரத்தையும் சூழலையும் குறித்துக் கொடுத்தால், கருவியைச் சீரமைக்கும் செவித்திறன் வல்லுநருக்கு அது பெரிதும் உதவும்.

4. சைகை, படஅட்டை, தொடுகை ஆகியவற்றைப் பேச்சோடு சேர்த்தே பயன்படுத்துங்கள்.

5. வட்டார வள மையச் சிறப்புப் பயிற்றுநர், இயன்முறை மருத்துவர், பெற்றோர் ஆகியோருடன் ஒரே குறிப்பேட்டைப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

'முன்னேற்றம் இல்லை' என்ற இரு சொற்களைப் படிக்கும் பெற்றோர் மனம் தளர்ந்து கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிடக்கூடும். பயன்படுத்தாத கருவியால் கேட்டல் வளராது. எனவே அன்றைய பதிவு இப்படி இருக்கட்டும்: 'உச்சிக்கால மணியோசை கேட்டு அசைவை நிறுத்தினாள், சன்னல் பக்கம் பார்த்தாள். அடுத்த இலக்கு: தன் பெயருக்குத் திரும்புதல்.'