ஓடும் கால்களும் முழங்கால் வலியும்

பெங்களூரு நகரின் நடுவே 1870ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட கப்பன் பூங்கா அமைந்துள்ளது. விடியற்காலையில் அதன் பாதைகளில் சிறுவர் முதல் முதியோர் வரை பலர் ஓடுகின்றனர். 2008ஆம் ஆண்டு இந்நகரில் தொடங்கிய 10 கி.மீ. ஓட்டப் போட்டியும் பலரிடம் ஓட்ட ஆர்வத்தை வளர்த்தது. ஓடுவோரைப் பெரிதும் வருத்துவது முழங்காலின் முன்பக்க வலியாகும். படி இறங்கும்போதும், குந்தி அமரும்போதும், நெடுநேரம் உட்கார்ந்து எழும்போதும் அது மிகும்.

இவ்வலி எவ்வாறு தோன்றுகிறது? கிணற்றுக் கப்பியின் பள்ளத்தில் கயிறு ஓடுவதைப் போல, தொடையெலும்பின் முனையிலுள்ள பள்ளத்தில் முழங்காற்சில்லு மேலும் கீழும் நகர்கிறது. கப்பி சாய்ந்தால் கயிறு ஓரத்தில் உராயும். அதுபோல, இடுப்புத் தசைகள் வலுவிழந்தாலும், பாதம் மிகுதியாக உட்சாய்ந்தாலும், ஓடும்போது கால் உட்புறம் திரும்பும். சில்லின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகும். ஆயினும், கால் சற்றுக் கோணலாக உள்ள எல்லாருக்கும் வலி வருவதில்லை. ஓடும் தொலைவை ஒரேயடியாகக் கூட்டுவதே பலருக்கு வலியைத் தூண்டுகிறது.

நோயின் முதற்காரணத்தை ஆராய்ந்த பின்னரே மருத்துவம் செய்ய வேண்டும் என்று திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் கூறுவது இங்கும் பொருந்தும். ஆகவே, இயன்முறை மருத்துவர் முழங்காலை மட்டும் பாராமல், ஒற்றைக் காலில் நின்று மடக்கச் சொல்லி, இடுப்பு முதல் பாதம் வரை நோக்குவார்.

பெரும்பாலோர் ஓட்டத்தை அறவே விடவேண்டியதில்லை. வலி அடங்கும் அளவுக்குத் தொலைவைக் குறைக்க வேண்டும். மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல், ஒருக்களித்துப் படுத்துக் காலை உயர்த்துதல் போன்ற பயிற்சிகளால் இடுப்பையும் தொடையையும் வலுப்படுத்த வேண்டும். எட்டுகளைச் சற்றுக் குறுக்கி ஓடுவதும் முழங்காலின் சுமையைக் குறைக்கும். பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும்.

வலியை மறைத்துப் போட்டியில் ஓடுவது வீரமன்று. முழங்கால் வீங்கினாலோ, மடக்கவும் நீட்டவும் இயலாமல் பூட்டிக்கொண்டாலோ, நடை நொண்டினாலோ உடனே பெற்றோரிடம் கூறி மருத்துவரைக் காணவேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டின் கோளாறுகூட முழங்கால் வலியாகத் தோன்றக்கூடும்.

அருஞ்சொற்பொருள்
கப்பி – கயிறு ஓடும் உருளை
அறவே – முழுவதும்
எட்டு – நடக்கும்போது வைக்கும் அடி

வினாக்கள்
1. முழங்காற்சில்லின் இயக்கம் எதனோடு ஒப்பிடப்படுகிறது? ஏன்?
2. முழங்கால் வலிக்கு இடுப்பை வலுப்படுத்துவது ஏன்?
3. வலியை மறைத்து ஓட எண்ணும் தோழனுக்கு ஐந்து வரிகளில் அறிவுரை எழுதுக.