மின்சாரத்தைத் தேக்கி வைக்க நம் சுரங்கங்கள் உதவுமா?

1902-ஆம் ஆண்டு சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் உற்பத்தியான மின்சாரம், 92 மைல் தூரம் கம்பி வழியே வந்து நம் தங்கவயலை அடைந்தது. விறகையும் நிலக்கரியையும் எரித்து ஓடிய நீராவி எந்திரங்களின் காலம் அதனால் முடியத் தொடங்கியது. ஆனால் கோடையில் ஆற்றில் நீர் குறைந்தால் மின்சாரமும் குறையும். 1911-இல் கண்ணம்பாடி அணை கட்டத் தொடங்கியதற்குப் பாசனத்தோடு இதுவும் ஒரு காரணம்.

இன்று அதே சிக்கல் சூரிய மின்சாரத்தில் வந்திருக்கிறது. நம் மாநிலத்துப் பாவகடா சூரியப் பூங்காவின் திறன் 2050 மெகாவாட். பொழுது சாய்ந்தால் அது பூஜ்யம். அன்று கோடைக்காக நீரைத் தேக்கினார்கள். இனி இரவுக்காக மின்சாரத்தைத் தேக்கியாக வேண்டும்.

இதற்குப் பழகிய வழி ஒன்று உண்டு. கோவை மாவட்டம் காடம்பாறையில் மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் நீர்த்தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது டர்பைன் வழியாக இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகிறார்கள். இம்முறையில் நான்கு யூனிட் செலவிட்டால் மூன்று யூனிட் திரும்பும். நஷ்டம்தான். ஆனாலும் பகலில் வீணாகப் போவதை விட மேல்.

"மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் போன சாம்பியன் ரீப்ஸ் சுரங்கம் இருக்க, மலை எதற்கு? ஷாப்டில் பாரத்தை ஏற்றி இறக்கினால் போதாதா?" என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 டன் பாரம் 1000 மீட்டர் இறங்கினால் கிடைப்பது 9.8 கோடி ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக 27 யூனிட்! வீட்டுக்கு நாளைக்கு 3 யூனிட் என்றால் ஒன்பது வீடுகளுக்குத்தான் வரும். ஒரு தெருவுக்குக்கூடப் போதாது.

நீரானால் கதை வேறு. ஒரு லட்சம் டன் நீர் அதே ஆழம் இறங்கினால் 2.7 லட்சம் யூனிட். டர்பைன் நஷ்டம் போனாலும் எண்பதாயிரம் வீடுகளுக்கு ஆகும். ஆனால் அந்த நீரை வாங்கிக்கொள்ளக் கீழே 100 மீட்டர் நீளம், 100 மீட்டர் அகலம், 10 மீட்டர் உயரத்துக்கு வெற்றிடம் வேண்டும். 2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்ட பின் பம்புகள் நின்றன. கீழே நீர் நிரம்பிவிட்டது. முதலில் அதை இறைத்தாக வேண்டும். மேலும், பாறை வெடிப்புக்குப் பேர்போன சுரங்கம் இது. நீர் ஏறி இறங்கும் அழுத்தத்தை அந்தப் பாறை தாங்குமா?

எந்த மட்டத்தில் பாறை உறுதியாக இருக்கிறது, நீர் எவ்வளவு நிற்கிறது, ஷாப்டுகள் எந்நிலையில் உள்ளன ஆகிய மூன்றையும் அளந்து பார்த்த பிறகே நம் ஊரில் இது நடக்குமா என்று சொல்ல முடியும்.