படகு டிரெய்லருக்கும் ஒரு பேரேடு

கோவாவில் மே மாதக் கடைசியில் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். தென்மேற்குப் பருவமழை நெருங்கியதும் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறு படகுகள் ஒவ்வொன்றாகக் கரையேறுகின்றன. டிரெய்லரில் ஏற்றப்பட்டு, ஜீப்பாலோ டிராக்டராலோ இழுத்துச் செல்லப்பட்டு, தென்னந்தோப்புகளிலும் வீட்டு முற்றங்களிலும் தார்ப்பாய்க்கு அடியில் அவை ஓய்வெடுக்கின்றன. மழை ஓய்ந்த பின் அதே டிரெய்லர்கள் அவற்றை மீண்டும் நீரில் கொண்டுபோய் விடுகின்றன. படகு ஏறத்தாழ எட்டு மாதம் உழைக்கிறது. டிரெய்லருக்கோ பெரும்பாலும் ஆண்டில் இரண்டு நாள் வேலைதான். அதனாலேயே அதை எவரும் நினைப்பதில்லை.

அங்குள்ள கிளை ஒன்றில் நான் கடன் பிரிவில் பணியாற்றியபோது, படகுக் கடன் பெற்ற வாடிக்கையாளர் ஒருவரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. தவணை தவறாதவர். இயந்திரப் பராமரிப்பு ரசீதுகளை ஆண்டு வரிசையில் அடுக்கி வைத்திருப்பவர். அந்த ஆண்டு அக்டோபர் தவணை மட்டும் தாமதமாகியிருந்தது. காரணம் கேட்டபோது அவர் சொன்னது எனக்கு ஒரு பாடமாயிற்று.

படகை நீரில் இறக்கப் புறப்பட்ட காலையில் டிரெய்லரின் இடது சக்கரத்திலிருந்து புகை எழுந்தது. பேரிங் இறுகிவிட்டது. படகு நான்கு நாள் சாலையோரத்தில் நின்றது. முன்பணம் கொடுத்திருந்த பயணிகளுக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியதாயிற்று. பேரிங்கின் விலையோ சில நூறு ரூபாய்! நான்கு நாளும் வீணானது பொருள் கிடைக்காததால் அன்று. எந்தப் பேரிங் என்று எவருக்கும் தெரியாததால். உடைந்ததில் எண் அழிந்திருந்தது. கடைக்காரர் கொடுத்த 25 மில்லிமீட்டர் பேரிங் ஆக்சிலில் ஏறவில்லை. கடைசியில் வலது சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார்கள். தேடிய எண் அங்கே தெளிவாகப் பொறிக்கப்பட்டிருந்தது.

நீர் எவ்வாறு உள்ளே செல்கிறது?

சாலையில் ஓடி வந்த டிரெய்லரின் ஹப் சூடாக இருக்கும். அதனுள் உள்ள காற்றும் விரிந்திருக்கும். அந்த நிலையில் சக்கரத்தை நீரில் இறக்கினால் ஹப் சட்டெனக் குளிர்ந்து, உள்ளிருக்கும் காற்று சுருங்குகிறது. அந்தச் சுருக்கம் வெளியிலுள்ள நீரை ஆயில் சீலின் விளிம்பு வழியாக உள்ளே இழுக்கிறது. எனவே கரையை அடைந்ததும் உடனே பின்னோக்கி இறக்காதீர்கள். ஹப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடு தணிந்த பிறகே நீரில் விடுங்கள். விளக்குகளின் மின் இணைப்பையும் அப்போதே கழற்றிவிடுங்கள்.

நம் வாடிக்கையாளரின் பேரிங் அக்டோபரில் கெடவில்லை. மே மாதத்திலேயே கெடத் தொடங்கிவிட்டது. படகைக் கரையேற்றிய நாளில் புகுந்த உப்புநீர் நான்கு மாதம் உள்ளேயே தங்கி, எஃகை அரித்துக்கொண்டிருந்தது. ஆகவே டிரெய்லரைப் பராமரிக்க வேண்டிய காலம் படகு நீரில் இறங்குவதற்கு முந்தைய வாரம் அன்று. கரையேறிய முதல் வாரம். அப்போது பார்த்தால் துரு பிடிக்காது. உதிரிபாகம் தேடவும் நான்கு மாத அவகாசம் கிடைக்கும்.

கரையேறிய வாரத்தில் செய்ய வேண்டியவை

முதலில் நன்னீரால் முழுதும் கழுவுங்கள். சட்டத்தின் குழாய்களுக்குள்ளும் ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையிலும் நீர் பாய வேண்டும். உப்பு தங்குவது அங்கேதான்.

அடுத்து, ஆக்சிலை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுழற்றுங்கள். கரகரவென்ற ஓசை கேட்டாலோ, மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிந்தாலோ ஹப்பைத் திறக்க வேண்டும். ஓசை இல்லாவிட்டாலும் கடல்நீரில் இறங்கும் டிரெய்லரை ஆண்டுக்கு ஒரு முறை திறப்பது நல்லது. கிரீஸ் பால்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. பழைய கிரீஸை முற்றிலும் துடைத்தெடுத்து, உருளைகளையும் அவை ஓடும் வளையத்தையும் பாருங்கள். குழியோ நீலநிறமோ தெரிந்தால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். படகு டிரெய்லருக்கு உரிய, நீரில் கரையாத கிரீஸையே இடுங்கள். இருவகைக் கிரீஸைக் கலக்காதீர்கள். ஆயில் சீலும் ஸ்பிளிட் பின்னும் ஒவ்வொரு முறையும் புதியவையாக இருக்கட்டும்.

கால்வனைஸ் செய்த சட்டத்தில் துத்தநாகப் பூச்சு தன்னை இழந்து இரும்பைக் காக்கிறது. சிராய்ப்பு கண்ட இடங்களில் துருவைத் தேய்த்தெடுத்து, துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் பூசுங்கள். பிறகு டயரின் மீதும் ஸ்பிரிங்கின் மீதும் எடை விழாதவாறு டிரெய்லரைத் தாங்கிகளிலேயே நிறுத்தலாம். படகின் முன்பகுதியைச் சற்று உயர்த்தி, அடியிலுள்ள வடிகால் மூடியைத் திறந்து வையுங்கள். பருவமழை நீர் படகில் தேங்கினால் அந்தச் சுமை முழுவதும் டிரெய்லரின் தலையில்தான் விழும்.

எண்களைப் படிக்கும் முறை

வணிகவியல் படித்த எனக்குப் பேரிங் எண்கள் புரியாத எழுத்துகளாகவே இருந்தன. ஒரு பட்டறைக்காரர் சில நிமிடங்களில் விளக்கினார். மெட்ரிக் பேரிங் ஒன்றில் 30205 என்று இருந்தால், கடைசி இரு இலக்கங்களை ஐந்தால் பெருக்க வேண்டும்: 05 × 5 = 25 மில்லிமீட்டர். அதுவே உள்விட்டம். 30206 என்றால் 30 மில்லிமீட்டர். கடைசி இலக்கங்கள் 04 முதல் இந்தக் கணக்கு பொருந்தும்.

படகோடு சேர்த்து இறக்குமதியான டிரெய்லர்களில் அங்குல அளவுப் பேரிங்குகள் இருக்கலாம். அவற்றுக்கு இந்தக் கணக்கு உதவாது. பரவலாகப் பயன்படும் ஒன்றின் உள்பகுதி எண் எல் 44649, வெளிவளைய எண் எல் 44610. இதன் உள்விட்டம் சற்றேறக்குறைய 27 மில்லிமீட்டர். 25-க்கும் 30-க்கும் இடைப்பட்ட இந்த அளவுக்கு அருகிலுள்ள மெட்ரிக் பேரிங்கை மாற்றாக வைக்க இயலாது. இருபகுதிகளின் எண்களையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள்.

ஆயில் சீலில் மூன்று எண்கள் இருக்கும். 35 × 52 × 7 என்றால் தண்டின் விட்டம், பொருந்தும் துளையின் விட்டம், தடிமன். டயரில் 155/80 ஆர் 13 என்றால் அகலம் 155 மில்லிமீட்டர், பக்க உயரம் அகலத்தில் 80 சதவீதம், ரிம் 13 அங்குலம். அதையடுத்து வரும் 79 என்ற எண், டயர் 437 கிலோ வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் பிறந்த தேதி: 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டிரெய்லர் டயர் பெரும்பாலும் தேய்ந்து கெடுவதில்லை. நின்று வெயிலில் வெடித்துக் கெடுகிறது. பட்டன் ஆழத்தை மட்டும் பார்த்து நிறைவடையாதீர்கள்.

இணைப்புக் குமிழிலும் கவனம் தேவை. 50 மில்லிமீட்டர், 2 அங்குலம் (50.8), 1⅞ அங்குலம் (47.6) என வெவ்வேறு அளவுகள் உண்டு. இரண்டு அங்குலக் கப்ளரை 1⅞ அங்குலக் குமிழில் மாட்டினால் பொருந்தியதுபோல் தோன்றும். பள்ளத்தில் குதிக்கும்போது கழன்றுவிடக்கூடும்.

எங்கே தேடுவது?

எண் கையில் இருந்தால் ‘படகு டிரெய்லர் உதிரிபாகம்’ என்று தனிக் கடை தேட வேண்டியதில்லை. பேரிங்கும் சீலும் எந்த நகரத்துப் பேரிங் கடையிலும் கேட்கக்கூடியவை. விளக்குகளும் ஒயரும் லாரி மின்சாதனக் கடையில் கிடைக்கும். ஸ்பிரிங் பட்டையையும் யு போல்ட்டையும் ஸ்பிரிங் பட்டறையில் அளவு கொடுத்துச் செய்து வாங்கலாம். படகைத் தாங்கும் ரப்பர் உருளைகளை மாதிரி காட்டி லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். பேரிங்கை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குங்கள். போலிகள் மிகுந்த பொருள் அது. ஒரு பேரிங் தொகுதி, ஒரு சீல், கிரீஸ் ஆகியவற்றை முன்கூட்டியே வாங்கி வண்டியிலேயே வைத்திருப்பது சிறந்த சேமிப்பு.

வங்கியாளரின் பங்கு

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி டிரெய்லரும் மோட்டார் வாகனமே. அதன் பதிவையும் காப்பீட்டையும் படகின் ஆவணங்களோடு சேர்த்துச் சரிபாருங்கள். மோட்டார் காப்பீடு விபத்துக்கு ஈடு தருமேயன்றிச் சாதாரணத் தேய்மானத்துக்குத் தராது. விபத்து இழப்பிலும் வழக்கமான பாலிசியில் டயர், ரப்பர், பிளாஸ்டிக் பாகங்களுக்கு 50 சதவீதமும், 5 ஆண்டுக்கு மேல் 10 ஆண்டு வரையுள்ள வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 40 சதவீதமும் தேய்மானமாகக் கழிக்கப்படும். மீதியை உங்கள் கையிலிருந்துதான் செலவிட வேண்டும். டிரெய்லரும் கடனுக்கு ஈடாகப் பதிவாகியிருந்தால், கடன் முடிந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றிதழையும் படிவம் 35-ஐயும் பெற்றுப் பதிவுச் சான்றிதழில் அடமானக் குறிப்பை நீக்கிக்கொள்ளத் தவறாதீர்கள்.

அந்த வாடிக்கையாளர் அடுத்த ஆண்டு ஆய்வின்போது ஒரு பழைய கணக்கு நோட்டை என்னிடம் காட்டினார். முதல் பக்கத்தில் பேரிங், சீல், டயர், ஸ்டட், குமிழ் ஆகியவற்றின் எண்கள். அடுத்த பக்கத்தில் திறந்த தேதி, மாற்றிய பொருள், கொடுத்த தொகை. வரவும் செலவும் எழுதும் அதே ஒழுங்கு. அந்த அக்டோபரில் தவணை உரிய நாளில் வந்து சேர்ந்தது.

உங்கள் வீட்டிலும் பயன்படுத்தப்படாத கணக்கு நோட்டு ஒன்று இருக்கும். படகு கரையேறும் வாரத்தில் அதன் முதல் பக்கத்தை நிரப்பிவிடுங்கள்.